பட்டறையின் திறவுகோல் யாரிடம்?



தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ரோபோட்டிக் போட்டிகளில் வெற்றி பெறும் செய்திகளை அவ்வப்போது நாளிதழ்களில் படித்து மகிழ்கிறோம். கோப்பையும் நற்சான்றிதழும் ஏந்திய பிள்ளைகளின் படத்தைக் காணும்போது எந்த ஆசிரியருக்கும் உள்ளம் நிறையும். ஆனால், அந்தப் படத்தைப் பார்த்து நாம் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. அந்த ரோபோவை அவர்கள் எங்கே செய்தார்கள்? எந்த மேசையின்மேல், எந்தக் கருவிகளைக் கொண்டு செய்தார்கள்? அக்கருவி பள்ளியினுடையதா, ஆசிரியர் வீட்டிலிருந்து கொண்டு வந்ததா, அல்லது பெற்றோர் ஒருவரின் கார்ப் பட்டறையிலிருந்து இரவல் வாங்கியதா?

இக்கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், இதற்குப் பின்னால் பினாங்கு மாநிலத்தின் இருநூறு ஆண்டுக் கல்வி வரலாறு இருக்கிறது. மாணவர் கைக்குக் கருவியும் இயந்திரமும் எட்டியது எப்போது, எட்டாமல் போனது ஏன் என்பதை எனக்குத் தெரிந்தவரை இப்பதிவில் எழுதுகிறேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

1816: எழுதி வைத்த ஒரு திட்டம்

ஜோர்ஜ் டவுனில் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1816-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கப்பட்டது. ஹட்சிங்ஸ் பாதிரியார் அதன் நிறுவனர். நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தையும் நாம் அங்கிருந்துதான் கணக்கிடுகிறோம். 2016-இல் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது அதனால்தான்.

அப்பள்ளிக்காக முன்வைக்கப்பட்ட திட்டத்தைப் படிப்போருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஆங்கில எழுத்தும் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அதன் ஒரு கூறு. மலாய்க்காரர், சீனர், சூலியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அவரவர் மொழியில் போதிக்க வேண்டும் என்பது மற்றொரு கூறு. சூலியர் என்று அன்று அழைக்கப்பட்டவர்கள் தென்னிந்தியர். பெரும்பாலும் நம் தமிழர். இன்றும் சூலியா தெரு அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. இவ்விரண்டோடு மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. தக்க வயது வந்ததும் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கைத்தொழில்களைக் கற்பிக்க வேண்டும் என்பதே அது!

ஆக, தாய்மொழியும் கைத்தொழிலும் ஒரே தாளில் எழுதப்பட்டன. ஆனால் நடந்தது வேறு. தமிழ் வகுப்பு நீடிக்கவில்லை. ஆங்கிலப் பள்ளிகள் அரசாங்க அலுவலகங்களுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் எழுத்தர்களை உருவாக்கித் தருவதில் பெயர் பெற்றன. பேனா பிடித்த கைக்குச் சம்பளமும் மதிப்பும் கிடைத்தன. உளி பிடித்த கைக்கு அவை கிடைக்கவில்லை.

இதே காலத்தில் கைத்தொழில் கற்ற இந்தியர்கள் இருந்தனர். அவர்கள் கற்ற இடம் பள்ளி அன்று, சிறை! பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளில் சென்னை மாகாணத்தவரும் இருந்தனர். சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் ஆள் தேவைப்பட்டதால், அவர்களுள் பலருக்குத் தச்சு வேலை, கொல்லு வேலை, செங்கல் அறுத்தல் ஆகியவை கற்பிக்கப்பட்டன. சிங்கப்பூரின் செயிண்ட் ஆண்ட்ரூ தேவாலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. பள்ளித் திட்டத்தில் எழுதி வைத்த கைத்தொழில் கல்வியைச் சிறைப் பட்டறைகள் நடத்தின என்பதை எண்ணும்போது வேதனையாகத்தான் இருக்கிறது.

தோட்டத்துப் பள்ளியும் தொழிற்பள்ளியும்

இருபதாம் நூற்றாண்டில் நம் மக்கள் இரப்பர்த் தோட்டங்களில் குடியேறினர். ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. அதன் விளைவாகத் தமிழ்ப்பள்ளிகள் பெருகின. பெருகியவை எப்படி இருந்தன என்பதை நம் தாத்தா பாட்டிமாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஒரு கரும்பலகை. பட்டறை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

மறுபுறம், அரசாங்கம் தொழிற்பள்ளிகளையும் தொடங்கியது. 1926-இல் கோலாலம்பூரில் ஒன்று அமைந்தது. பின்னர் ஈப்போ, பினாங்கு, ஜொகூர் பாரு போன்ற நகரங்களுக்கும் அது பரவியது. கடைசல் இயந்திரம், துளையிடும் பொறி, உலை ஆகியவற்றோடு மாணவர்கள் முறையாகப் பழகிய இடங்கள் அவை. ஆனால் அவை நகரத்தில் இருந்தன. செபராங் பிறைத் தோட்டத்தில் தமிழில் நான்காம் ஆண்டோ ஆறாம் ஆண்டோ முடித்த பிள்ளைக்கு அங்குச் செல்ல வழியில்லை. அவன் கைக்கு எட்டிய ஒரே கருவி, அப்பாவின் மரம் சீவும் கத்திதான்.

பெற்றோரின் அச்சம் நியாயமானதே

இவ்விடத்தில் பெற்றோர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் பள்ளியின் ரோபோட்டிக் குழுவுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தபோது ஒரு மாணவியின் தந்தை என்னைப் பார்க்க வந்தார். “டீச்சர், எங்கப்பா காலமெல்லாம் கத்தி பிடிச்சாரு. நான் லாரி ஓட்டுறேன். எம் பொண்ணு படிச்சு நல்ல வேலைக்குப் போகணும்னு அனுப்பினா, நீங்க அவ கையில வாளைக் குடுக்கிறீங்களே” என்றார். அவர் குரலில் கோபமில்லை, வருத்தமே இருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழரின் கல்வி வரலாற்றில் இந்த அச்சத்திற்கு ஆழமான வேர் இருக்கிறது. 1953-இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த இராஜாஜி தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டத்தைக் கொண்டு வந்தார். பிள்ளைகள் அரை நாள் மட்டுமே பள்ளியில் இருப்பர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். கையால் செய்து கற்பது நல்லது என்ற காந்தியடிகளின் ஆதாரக் கல்விச் சிந்தனை 1937 முதலே நாட்டில் பேசப்பட்டு வந்ததுதான். ஆனால், சாதியோடு தொழில் கட்டுண்டு கிடந்த சமுதாயத்தில், குயவர் மகன் குயவனாகவும் வண்ணார் மகன் வண்ணானாகவும் இருந்துவிட வேண்டும் என்பதே இதன் பொருள் என மக்கள் கொதித்தெழுந்தனர். குலக்கல்வித் திட்டம் என்ற பெயரே அதற்கு நிலைத்தது. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. பிள்ளையின் கையில் கருவியைக் கொடுப்பது பிழையன்று. தந்தையின் கருவியை மட்டுமே கொடுத்து, மற்றக் கதவுகளை அடைப்பதுதான் பிழை. தாத்தா பிடித்த கத்தியை அவருக்காக வேறொருவர் தேர்ந்தெடுத்தார். பேத்தி பிடிக்கும் வாள் அவளே வரைந்த வரைபடத்தின்படி அறுக்கிறது. முன்னது கூலி; பின்னது பொறியியல். இதை அந்தத் தந்தையிடம் விளக்கினேன். மகளைக் குழுவில் சேர்த்துக்கொள்ள இசைந்தார்.

1965: பட்டறைகள் திறந்த காலம்

விடுதலைக்குப் பின்னர் நம் நாட்டில் ஒரு நல்ல மாற்றம் நிகழ்ந்தது. இடைநிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 1965 முதல் பொது இடைநிலைக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆறாம் ஆண்டோடு நின்றுபோன தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புகுமுக வகுப்பு வழியாக இடைநிலைப் பள்ளிக்குள் நுழைந்தனர். அங்கே தொழிற்கலை, விவசாய அறிவியல், வணிகம், மனையியல் ஆகியவற்றுள் ஒன்றைக் கற்க வேண்டியிருந்தது. அதற்காகப் பள்ளிதோறும் பட்டறைகள் கட்டப்பட்டன.

தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் முதன்முதலாக வேலைமேசையின் பிடிப்பானில் மரத்தைப் பூட்டி இழைத்துப் பார்த்த காலம் அது. ஆயினும், பெரும்பாலும் பையன்கள் பட்டறைக்கும் பெண்பிள்ளைகள் சமையல் அறைக்கும் அனுப்பப்பட்டனர். 1989-இல் இடைநிலைப் பள்ளி ஒருங்கிணைந்த கலைத்திட்டம் வந்து, வாழ்வியல் திறன் பாடம் அறிமுகமான பிறகே இந்தப் பிரிவினை தளர்ந்தது. தொடக்கப்பள்ளியிலும் நான்காம் ஆண்டு முதல் அப்பாடம் இடம்பெற்றது. அதன் இடத்தில் 2014-இல் நான்காம் ஆண்டுக்கும் 2017-இல் படிவம் ஒன்றுக்கும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் வந்தது.

பாடத்திட்டத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால், பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் நிலம் போதாது, வகுப்பறையே போதாது. பட்டறைக்கென ஓர் அறை ஒதுக்குவது எளிதன்று. பாடநூலில் படமாக இருக்கும் வாளைப் பார்த்து, “இதன் பெயர் என்ன?” என்று கேட்கும் தேர்வுக் கேள்வியாக அப்பாடம் சுருங்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு.

பினாங்கு கண்டுபிடித்த வழி

பினாங்கு 1969-இல் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அன்றைய முதலமைச்சர் துன் லிம் சோங் யூ தொழிற்சாலைகளை அழைத்து வந்தார். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் உருவானது. இண்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பெக்கார்ட், பாஷ், ஹிட்டாச்சி உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் முன்னோடிகளாக வந்தன. அமெரிக்காவுக்கு வெளியே இண்டெல் அமைத்த முதல் உற்பத்திக் கூடம் பினாங்கில் அமைந்ததுதான். நம் அம்மாமார்களும் அத்தைமார்களும் நுண்ணோக்கி வழியாகச் சில்லுகளைப் பார்த்து உழைத்தது அத்தொழிற்சாலைகளில்தான்.

1980-களின் இறுதியில் ஒரு சிக்கல் எழுந்தது. இயந்திரங்கள் மாறிக்கொண்டே வந்தன. அவற்றை இயக்கத் தெரிந்தவர்கள் போதவில்லை. ஒவ்வொரு தொழிற்சாலையும் தனித்தனியே பயிற்சிக் கூடம் கட்டினால் செலவு தாங்காது. அப்போதுதான் 1989-இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் தோன்றியது. மாநில அரசு இடம் தந்தது. தொழிற்சாலைகள் இயந்திரங்களும் பயிற்றுநர்களும் தந்தன. கல்வியாளர்கள் துணை நின்றனர். சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிடும் நிறுவனங்கள் ஒரே கூரையின்கீழ் இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்டன! பின்னர் மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றின.

எல்லாருக்கும் தேவைப்படும் இயந்திரத்தை எல்லாரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. அது பொதுவில் இருந்து, பயன்படுத்தும் முறை ஒழுங்காக இருந்தால் போதும். பினாங்கு தன் அனுபவத்தில் கண்டறிந்த பாடம் இது. பள்ளி மாணவர்களுக்கும் இதே வழி பின்னர் முயன்று பார்க்கப்பட்டது. 2010-களில் பினாங்கு சயன்ஸ் கிளஸ்டர் என்னும் அமைப்பு, தொழில்துறையின் ஆதரவுடன் காட் லெபோ சைனாவிலுள்ள விஸ்மா யாப் சோர் ஈ கட்டடத்தில் மாணவர்களுக்கு மின்னணுவியல், ரோபோட்டிக் வகுப்புகளை நடத்தியது. 2016-இல் கொம்தார் கட்டடத்தில் டெக் டோம் அறிவியல் மையம் திறக்கப்பட்டது.

பெட்டியில் வந்த ரோபோ

ரோபோட்டிக் நம் பள்ளிகளுக்குள் ஒரு பெட்டியாகத்தான் நுழைந்தது. லெகோ நிறுவனம் 1998-இல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் தொகுப்பை வெளியிட்டது. துண்டுகளைப் பொருத்தினால் போதும்; அறுக்க வேண்டாம், துளையிட வேண்டாம். 2004-இல் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாட் போட்டி இத்தொகுப்பைக் கொண்டே வளர்ந்தது. 2012-இல் அதன் இறுதிச் சுற்று கோலாலம்பூரில் நடந்தது. பட்டறை இல்லாத பள்ளிகளுக்கு அப்பெட்டி ஒரு வரம் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் பெட்டிக்கு எல்லை உண்டு. விலையும் உண்டு. மைண்ட்ஸ்டார்ம்ஸ் உற்பத்தி 2022-இன் இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. ஒரு துண்டு தொலைந்தால் பிள்ளைகள் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கின்றனர். அத்துண்டைத் தாமே செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

அமெரிக்காவில் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் இயக்கம் வேறு பாதையில் சென்றது. அதன் முதல் போட்டி 1992-இல் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அரங்கில், 28 குழுக்களோடு நடந்தது. அங்கே மாணவர்கள் செய்வது ஐம்பது கிலோவுக்கு மேல் எடை போகக்கூடிய ரோபோ. அலுமினியத்தை அறுத்துத் துளையிட்டுக் கடைந்தால்தான் அது உருவாகும். எல்லாப் பள்ளியிலுமா இயந்திரப் பட்டறை இருக்கிறது? இல்லை. எனவே, பொறியாளர்கள் குழுவுக்கு வழிகாட்டிகளாகச் சேர்கின்றனர். நிறுவனத்தின் பட்டறை மாலையிலும் வார இறுதியிலும் பிள்ளைகளுக்குத் திறக்கிறது.

இந்தியாவிலும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. மராட்டியத்தில் புனேக்கு அருகே பாபல் என்னும் சிற்றூரில் 1983-இல் விஞ்ஞான் ஆசிரமம் தொடங்கப்பட்டது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் செய்து கற்கும் இடம் அது. 2002-இல் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் துணையோடு அங்கு ஃபேப் லேப் அமைந்தது. 2016-இல் இந்திய அரசு அடல் டிங்கரிங் லேப் திட்டத்தைத் தொடங்கி, ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் வழங்கியது. பத்தாயிரம் பள்ளிகளில் இக்கூடங்கள் அமைந்தன. ஆனால் அவை ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டோருக்கு உரியவை. நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் வயதுக்கு நாம்தான் வழி காண வேண்டும்.

பூட்டும் திறவுகோலும்

வரலாறு இருக்கட்டும், இன்றைய நடைமுறை என்ன? என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். எங்கள் குழுவுக்கு ஓர் அலுமினியப் பட்டையில் நான்கு துளைகள் தேவைப்பட்டன. அருகிலுள்ள ஓர் இடைநிலைப் பள்ளியின் பட்டறையில் துளையிடும் பொறி இருந்தது. அனுமதி கேட்டோம். பொறுப்பாசிரியர் மாற்றலாகிவிட்டார், திறவுகோல் யாரிடம் என்று தெரியவில்லை, காப்புறுதி இல்லை, கடிதம் எழுதுங்கள் என்றார்கள். எழுதினோம். பதில் வருவதற்குள் போட்டி முடிந்துவிட்டது. அந்தப் பொறி தூசி படிந்து அங்கேயே நிற்கிறது.

யாரையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. விபத்து நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார் என்ற அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் பூட்டு ஒன்றே பாதுகாப்பு ஆகிவிடாது. பழக்கமும் முறையுமே பாதுகாப்பு. ஆயுத பூசையன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கும் சமுதாயம் நாம். அடுத்த நாளே அவற்றைப் பிள்ளைகளின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துவிட்டால், வணங்கியதற்குப் பொருள் என்ன?

தொடக்கப்பள்ளிக்கு நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். கருவிகளை மூன்றாகப் பிரித்திருக்கிறேன்.

முதலாவது, எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியர் முன்னிலையில் தாமே பயன்படுத்துபவை: திருப்புளி, குறடு, அரம், அளவுகோல், சிறு கைவாள், சுத்தியல்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு மாணவர், பக்கத்தில் ஒரு பெரியவர் என்ற விதிப்படி பயன்படுத்துபவை: மேசைத் துளையிடும் பொறி, ஈயம் உருக்கி ஒட்டும் பற்றாசுக்கோல், முப்பரிமாண அச்சுப்பொறி.

மூன்றாவது, பெரியவர் இயக்க, பிள்ளைகள் தள்ளி நின்று பார்ப்பவை: கடைசல் இயந்திரம், சுழலும் வட்ட வாள்.

விதிகளையும் காரணத்தோடு சொல்ல வேண்டும். துளையிடும்போது தகட்டைக் கையால் பிடிக்கக் கூடாது. ஏனெனில், துரப்பணம் மறுபக்கம் வெளிவரும் தறுவாயில் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும். ஆகவே பிடிப்பானில் பூட்ட வேண்டும். சுழலும் பொறியருகே கையுறை அணியக் கூடாது. துணி சிக்கினால் விரலையும் இழுத்துக்கொள்ளும். கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். கண்ணாடி அணியாதவர் பட்டறைக்குள் வரக் கூடாது. காரணம் தெரிந்த பிள்ளை, ஆசிரியர் இல்லாத இடத்திலும் விதியை மீறுவதில்லை. பதினோரு வயதுப் பிள்ளை தன் தோழியிடம், “முதலில் கண்ணாடியைப் போடு” என்று அதட்டுவதை நான் கேட்டிருக்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பட்டறை கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால், 1989-இல் தொழிற்சாலைகள் செய்ததை நாம் ஏன் செய்யக் கூடாது? அருகருகே உள்ள நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து ஒரு பள்ளியில் ஒரு சிறு பட்டறை அமைக்கலாம். கைக்கருவிகள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கட்டும். துளையிடும் பொறியும் அச்சுப்பொறியும் பொதுவில் இருக்கட்டும். வாரத்தில் எந்த நாள் எந்தப் பள்ளிக்கு என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடலாம். திறவுகோல் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. இருவரிடம் இருக்க வேண்டும். அவர்கள் பெயர் கதவில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓர் ஆசிரியர் மாற்றலாகிச் சென்றால் பட்டறை சாகக் கூடாது.

பெற்றோர்களே, உங்களிடம் பணத்தை விடவும் பெரிய ஒன்று இருக்கிறது. நீங்கள் தொழிற்சாலைத் தொழில்நுட்பராக இருக்கலாம். கார் பழுது பார்ப்பவராகவோ வீட்டுக்கு மின்கம்பி இழுப்பவராகவோ இருக்கலாம். இரும்புக் கதவு செய்பவராகவும் இருக்கலாம். பிள்ளைகளுக்கு அருகே நிற்க வேண்டிய பெரியவர் நீங்கள்தான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலை, இரண்டு மணி நேரம் தந்தால் போதும். பாடநூல் பேசாத பல செய்திகள் உங்கள் கைகளுக்குத் தெரியும்.

ஆசிரியர் நண்பர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கோப்பைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். நம் பள்ளியில் என்னென்ன கருவிகள் உள்ளன? கடைசியாக அவற்றை ஒரு மாணவர் தொட்டது எப்போது? விடையை ஒரு தாளில் எழுதுங்கள். நமது பட்டறையின் முதல் வேலை அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம்.

தாய்மொழியும் கைத்தொழிலும் சேர்ந்திருக்க வேண்டும் என்று 1816-இல் பினாங்கில் எழுதி வைத்தார்கள். தாய்மொழியை நாம் போராடிக் காத்துவிட்டோம். மற்றப் பாதியையும் நம் பிள்ளைகளுக்குப் பெற்றுத் தருவோம்!